பிடி

அல்சூர் ஏரியில் எங்கள் டிங்கி
ஒருக்களித்துப் படுத்தபோது
நான் கத்தவில்லை.
வாய் நிறைய ஏரி இருந்தது.

கண்ணாடி போய்விட்டது. ஒரு செருப்பும்.
பாய் தண்ணீர்மேல் கிடந்தது,
கல்யாண வீட்டில் யாரோ அவசரமாக விரித்த
ஜமுக்காளம் மாதிரி, ஒரு முனை மடங்கி.

எஸ்தர் படகின் முதுகுப்பக்கம் நீந்திப் போனாள்.
இனி அவள் எனக்குத் தெரியமாட்டாள்.
நடுவில் வெள்ளை ஃபைபர் சுவர்.
முதலில் இருமல் வந்தது, பிறகு குரல்:
"நடுப்பலகையில ஏறிட்டேன். நீ உள்பக்கமே கெட.
எழும்பறப்போ அது உன்னையும் அள்ளிக்கும்."

விருதுநகரில் நான் தண்ணீரை அள்ளியிருக்கிறேன்.
லாரி நகர்ந்த பிறகு
தரையில் தேங்கியதைக்கூடக் கிண்ணத்தால் அள்ளியிருக்கிறேன்.
என்னை எதுவும் அள்ளியதில்லை.
கிடந்தேன்.

மோட்டார் படகில் திம்மேஷ் வட்டமடித்தார்.
காற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கை குவித்துக் கத்தினார்:
"ஹக்க பிடி! மேடம், ஹக்க பிடி!"

ஹக்க என்றால் கயிறு.
இந்த ஊருக்கு வந்த பத்தொன்பது நாளில்
நான் கற்ற ஏழாவது சொல். அன்று காலைதான் கற்றேன்.
பிடி,
பிறந்ததிலிருந்தே தெரியும்.

பிடித்தேன்.
பாய்க்கயிற்றை முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் சாய்ந்து தொங்கியிருக்க வேண்டும்.
பாய்மரம் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழுந்தது,
யோசித்தது,
பிறகு மளமளவென்று.
அள்ளியது. உண்மையாகவே அள்ளியது,
கரண்டி பருப்பை அள்ளுவதுபோல.
ஒரு நொடி குருத்வாராவின் வெள்ளை, அடுக்குமாடிகள், தீவு மரங்கள்,
எல்லாம் அதனதன் இடத்தில் நேராக நின்றன.

"பிடி! பிடி! பிடி!"

உயிர் போனாலும் சரி என்று பிடித்தேன்.
இறுகிய பாயில் காற்று வந்து உட்கார்ந்தது.
படகு எஸ்தர் பக்கமாகப் போய்
முழுசாகக் கவிழ்ந்தது. அடிவயிறு மேலே.
பாய்மரத்தின் நுனி
எங்கோ கீழே, சேற்றில், ஊன்றிக்கொண்டது.

எஸ்தர் பாசியைத் துப்பினாள்.
"எதுக்குடி கயித்தப் பிடிச்ச?"
"அவர்தானே பிடிக்கச் சொன்னார்."

சிரிக்க ஆரம்பித்தவள் மூழ்கி, எழுந்து,
மறுபடி சிரித்தாள்.
"விடச் சொன்னான்டி! இங்க விடுதான் பிடு.
வான்னா பா."
"அப்போ நம்ம பிடி?"
"அது ஹிடி. பால் ஹாலு ஆனாப்ல."

கவிழ்ந்த படகைக் கட்டிக்கொண்டு
பச்சைத் தண்ணீரில்
மர்ஃபி டவுன்காரியிடம் இலக்கணம்.
எழுதினால் எனக்கு இரண்டும் ஒரே பி.
காதுதான் பிரிக்க வேண்டும்,
காதிலோ ஏரி.

இரண்டு பேரும் விளிம்பில் ஏறி நின்று சாய்ந்தோம்.
சேறு விடவில்லை.
சேற்றுக்கும் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கலாம்.
திம்மேஷ் படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் இழுத்துத் திருப்பினார்.
நாங்கள் இன்னும் சாய்ந்தோம்.
என் தொடைகள் நடுங்கின. எஸ்தர் ஏதோ ஜெபம் சொன்னாள்,
பாதியில் ஒரு கெட்ட வார்த்தை.
கொழக் என்று ஒரு சத்தம்.
அது வந்தது, வேண்டாவெறுப்பாக:
நுனியில் கருஞ்சேறு, ஓர் ஆகாயத்தாமரை,
போன வருஷப் பிள்ளையாரின் ஜிகினா நூல்.

இம்முறை உள்ளே கிடந்தபடி
இரண்டு உள்ளங்கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி
திம்மேஷுக்குக் காட்டினேன்.
போலீஸ் சொன்னால் தூக்குவார்களே, அப்படி.
படகு எழுந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது,
ஒரு காற்றையும் உட்காரவிடாமல்.
விளிம்புவரை தண்ணீரோடு நின்றது
படகு. உள்ளே நான்.

பெயிண்ட் டப்பாவால் இறைத்தோம். நூற்றறுபதுவரை எண்ணினேன்.

கரையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்தேன்.
முன்கையில் இரண்டு சிவப்பு வளையல்.
திம்மேஷ் கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கி வந்து
சுடச்சுட நீட்டினார்:
"ஹிடி, ஹிடி."

ஒரு காது இன்னும் அடைத்திருந்தது.
இடி என்று கேட்டது.

அண்ணாந்து பார்த்தேன்.
பிப்ரவரி வானம். துளி மேகமில்லை.
வெகுநேரம் பார்த்திருப்பேன் போல.
அவர் விரல்
சுட்டுக்கொண்டிருந்தது.