மறுநாள் ஆறு மணி

கண்டனூர்ப் பேரூராட்சி, தீர்மான எண் பதினேழு:
தூர்வாரி, ஐப்பசி மழையில் நிரம்பிவிட்ட
குடிதண்ணீர் ஊரணிக்குத் திறப்பு விழா.
இளநிலை உதவியாளன் என்பதால்
எழுதுகிற வேலை எனக்கு.

போன வருடக் கோப்பைத் தூசி தட்டித்
தேதியை மட்டும் மாற்றினேன்.
காரைக்குடியிலிருந்து பந்தல், மேடை, ஜெனரேட்டர்.
நாற்காலி ஐந்நூறு.
தண்ணீர் பாக்கெட் நாலாயிரம்.
தலைவர் சிரிக்கும் ஃபிளெக்ஸ் பன்னிரண்டு.
அச்சடிப்பவர் ஒன்பதாவது வார்டின் மைத்துனர்,
அதைக் கோப்பில் எழுதுவதில்லை.

எல்லோரும் தலையாட்டி முடித்துக்
காராச்சேவுத் தட்டும் காலியானபோது
கதவோரம் நின்ற ராக்கு கேட்டாள்:
"மறுநா எத்தன மணிக்கு வரணும் சார்?"

வழக்கம்போல நாலு மணிக்கு.

"போன தடவ மூணு நாளாச்சு.
அது தரையில கெடந்துச்சு, அள்ளுனோம்.
இது தண்ணியிலல்ல கெடக்கும்?"

மின்விசிறி மட்டும் பதில் சொன்னது.

அன்றிரவு பட்டியலைக் கடைசியிலிருந்து எழுதினேன்.
மறுநாள் ஆறு மணி. ராக்கு வருகிறாள்.
கையில் ஒரு விளக்குமாறு, ஒரு சாக்கு.
ஏழுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறாள்.
அந்தச் சாக்கில் அடங்காத எதுவும்
முந்தின நாள் கரைக்கு வரக்கூடாது.

முதலில் நாற்காலிகள் போயின.
மூன்று பக்கமும் செம்பூராங்கல் படிகள்
சும்மாதானே கிடக்கின்றன.
நாலாம் பக்கம், தண்ணீரை ஒட்டித் தலைவர்.
"ஜனம் மேலே, தலைவர் கீழேயா?"
செயல் அலுவலரின் புருவம் ஏறியது.
"சத்தம் நல்லா மேல ஏறும் சார்" என்றேன்.
வேறு வாதம் என்னிடம் இல்லை.
நாலரைக்குத் தொடங்கினால்
வெளிச்சத்துக்கு டீசல் வேண்டாம்.

பூட்டிய மெ.சு. வீட்டில்
முன்னெழுத்து வெட்டிய எவர்சில்வர் டம்ளர் அறுநூறு.
சாவி அடைக்கலத்திடம், அனுமதி பினாங்கில்.
வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது:
எண்ணிக் குடு, எண்ணி வாங்கு.

கிட்டத்தட்ட எனக்கு நானே
சால்வை போர்த்திக்கொண்டிருந்தேன்.
"நல்லது சார். அறுநூறையும் கழுவுறது யாரு?"
என்றாள் ராக்கு.

மறுபடி கடைசியிலிருந்து.
பாக்கெட்டுக்கு வைத்த பணத்தில்
கழுவ நாலு பேருக்குக் கூலி.
கழுவிய தண்ணீர் ஊரணிப் பக்கம் போகாமல்
பள்ளிக்கூடத்து முருங்கை வரை ஒரு வாய்க்கால்.
வாய்க்கால் வெட்டியவனுக்கு அரை நாள் சம்பளம்,
அது எந்தத் தலைப்பில் வரும் என்று
இன்னும் தணிக்கையில் கேட்கிறார்கள்.

விழா நடந்தது.
பன்னிரண்டில் ஒரு ஃபிளெக்ஸ் வந்தே தீர்ந்தது.
ஒன்பதாவது வார்டை என்னால் வெல்ல முடியவில்லை.
தலைவர் கீழே நின்று அண்ணாந்து பேசினார்.
கழுத்து வலித்ததோ என்னவோ
ஏழே நிமிடத்தில் முடித்துவிட்டார்.
அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே போய் நின்றேன்.
ராக்கு வந்தாள், கூட்டினாள்.
மாலை நார், மிட்டாய்த் தாள்,
ஒரு குழந்தையின் இடது செருப்பு.
சாக்கு பாதிகூட நிறையவில்லை.
ஃபிளெக்ஸை அவிழ்த்து மடித்துக்கொண்டாள்,
விறகு நனையாமல் மூட.
ஆறு நாற்பதுக்குக் கையை உதறிவிட்டு
"அப்ப வர்றேன்" என்றாள்.
பாராட்டு எதுவும் இல்லை. எனக்கும், அவளுக்கும்.

டம்ளர் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
குறைந்த ஒன்று எங்கே என்று
காற்றில்லாத மத்தியானங்களில் தெரிகிறது:
ஏழாம் படியில், தண்ணீருக்குள்,
மெ.சு. என்ற எழுத்துகள் மேலே பார்த்தபடி.
கால் நனைக்கக் கூடாத ஊரணி,
யாரும் இறங்க முடியாது.

அடைக்கலம் வாரம் ஒருமுறை வருகிறார்.
"எப்ப சார் எடுப்பீங்க?"
"தண்ணி வத்தட்டும்" என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.