ஐந்தாவது பொத்தான்

பிப்ரவரி. கிளைபேடா துறைமுகத்துக்குப் பின்தெரு.
கீழ்வீட்டில் யாரோ ஸ்டிந்தா மீன் பொரிக்கிறார்கள்,
படிக்கட்டு முழுக்க வெள்ளரிக்காய் வாசம்.
மாலைப்பள்ளி விடைத்தாள் இருபத்திரண்டு
என் அடுப்படி மேஜையில்.

கேள்விகள் நான் போட்டவைதாம்:
கதைக்களம், பாத்திரம், முரண், உச்சம்,
குறியீடு, நோக்குநிலை.
கோழியைப் போலச் சந்து சந்தாகப் பிரித்து
பத்தொன்பது வருடமாக
அதே கதையைப் பரிமாறுகிறேன்.

உறைந்த காயல்மேல் நடந்து
மிகெலிஸ் ஒரு கோட்டைத் திருப்பித் தர வருகிறான்.
மூழ்கிப்போனவனின் கோட்டு.
எல்ஜே வாங்கிக்கொள்கிறாள். கதவை அடைக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.

இருபத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள்
கோட்டு துயரத்தின் குறியீடு என்று.
நான் சொல்லிக்கொடுத்ததுதான்.
நான்கு, நான்கு, நான்கு என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

கடைசித் தாள் ரிம்கௌதாஸுடையது.
பாரந்தூக்கி ஓட்டுகிறவர், வயது நாற்பத்தாறு,
எழுத்துக்கு வால் போட எப்போதும் மறப்பவர்.

"கோட்டு குறியீடு இல்லை, டீச்சர்.
உப்பேறிய கம்பளி. நனைந்தால் பத்துக் கிலோ இருக்கும்.
முதல் பக்கத்தில் ஐந்து பொத்தான்.
கதவடைக்கும்போது நான்கு.
ஐந்தாவதைத் தேடினேன், கதையில் இல்லை.
வழியில் எங்கோ அவன் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.
அவனுக்குச் சிறிது. அறுந்துவிட்டது.
உச்சம் அங்கேதான்.
எழுதாமல் விட்டிருக்கிறார்கள்."

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.
விரல் வைத்து எண்ணினேன். ஐந்து.
கடைசிப் பக்கம், நான்கு.
அச்சுப்பிழையாக இருந்துவிடட்டும் என்று
பழைய பதிப்பையும் பரணிலிருந்து இறக்கினேன்.
அதிலும் நான்கு.

நோக்குநிலைக்கு ஒன்றரை வரி:
"சொல்பவர் யாரென்று தெரியவில்லை.
ஆனால் பொத்தானை எண்ணும் தூரத்தில் நின்றிருக்கிறார்,
உதவிக்கு வரவில்லை."

'எல்லாம் அறிந்த படர்க்கை' என்றிருந்தால்
விடைக்குறிப்பின்படி இரண்டு மதிப்பெண்.
இதற்குக் கட்டமே இல்லை.

சன்னலுக்கு அப்பால் பாரந்தூக்கிகளின் சிவப்பு விளக்கு.
அதில் ஒன்றில் இந்நேரம் அவர், இரவு முறை,
நாற்பது மீட்டர் உயரத்தில்,
யாருடைய பெட்டி, உள்ளே என்ன என்று தெரியாமல்
மெல்ல இறக்கிக்கொண்டிருப்பார்.

விட்டுப்போன வால்களுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.
பிறகு மற்ற இருபத்தொரு தாளையும்
மறுபடி முன்னால் இழுத்துவைத்துக்கொண்டு
நான்கு என்று போட்ட இடத்தையெல்லாம்
பார்த்தபடி இருக்கிறேன்.
மீன் வாசம் இன்னும் போகவில்லை.