நூற்றிருபது

கெட்டில் கொதிக்கவில்லை என்று வருவார்கள்.
கொதித்தும் நிற்கவில்லை என்று வருவார்கள்.
எலி கடித்த வயரோடு,
பாலைக் காய்ச்சிக் கரியாக்கிய அடியோடு வருவார்கள்.
சீக்கிரம் கொதிக்கிறது என்று
செல்லூரில் என் கடைப்படி ஏறியவள்
தவச்செல்வி ஒருத்திதான்.

ஒன்றரை லிட்டர், ஸ்டீல், மூடியில் ஒரு நசுங்கல்.
மேலமாசி வீதியில் கல்யாணச் சீருக்கு வாங்கியது,
ஆறு வருஷம் அமெரிக்கா பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

“காயில் நல்லாருக்கு, உப்புகூடப் படியல.
என்ன குறை?” என்றேன்.
“அங்க இருபத்திரண்டு நிமிஷம் ஆகும்.
இங்க அஞ்சு.
அஞ்சு போதலக்கா.”

எடிசன் என்று ஓர் ஊராம், நியூஜெர்சியில்.
கரண்டுக்காரர் பேரை ஊருக்கே வைத்துவிட்டு
வீட்டுக்கு விடுவது நூற்றிருபது வோல்ட்.
அங்கிருந்து வருகிற கெட்டில்களை எனக்குத் தெரியும்:
சொருகிய நொடியில் ஒரு நீல வெளிச்சம்,
தெருவுக்கே வாடை, பிறகு என் மேஜை.
இங்கிருந்து போனது சாகாது.
பாதி வோல்ட்டுக்குப் பாதிச் சூடு இல்லை, கால்தான்.
கணக்கு அப்படி.
முனகிக்கொண்டே உயிரோடு கிடக்கும்.

அந்த இருபத்திரண்டு நிமிஷமும்
அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு
அவளும் காசிமாயனும் சண்டை போட்டார்களாம்.
யார் சொன்ன சொல், யார் வீட்டுக் கடன்,
பிள்ளை இப்போதா பிறகா,
உசிலம்பட்டி நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டது யாரைக் கேட்டு.
தண்ணீர் கொதிக்குமுன் பெரும்பாலும் முடிந்துவிடும்.
முடியாத நாளில்
மறுபடி தண்ணீர் பிடிப்பார்களாம்.

“இப்ப பைபாஸ் ரோட்டு ஃபிளாட்ல
வாயைத் திறக்குறதுக்குள்ள டக்குன்னு விழுந்துருது.
அவரு கப்பைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிருறாரு.”

செல்லூருக்குக் குடி வாங்க என்றேன்.
சாயந்திரம் தறி அத்தனையும் ஓடும்போது
இருநூற்று முப்பது என்பது அட்டையில்தான்,
என் மீட்டர் நூற்றெழுபதிலேயே திணறும்,
ஒன்பது நிமிஷம்வரை இழுக்கலாம்.
சிரித்தாள். போகவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது:
ஆட்டுக்கல் கனம், மூன்று கெட்டில் விலை.
டயோடு போட்டால் பாதிதான் குறையும்,
அவளுக்குக் கால் வேண்டும்.
இருபது வருஷமாக வேகத்தையே ரிப்பேர் பார்த்த கை
ஸ்குரூடிரைவரை உருட்டிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் சுவரில் தொங்கிய
சீரிஸ் பல்பு கண்ணில் பட்டது.

“இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க.
அதே கம்பெனி, அதே வாட்ஸ்.”

வியாழக்கிழமை கொண்டுவந்தது அவன்.
பிரிக்காத பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு
“எதுக்குன்னு அவ சொல்லல” என்றான்.
நானும் சொல்லவில்லை.
ஒரு பலகை, இரண்டு சாக்கெட்,
ஒன்றைவிட்டு வெளியேறும் வயர் அடுத்ததற்குள்.
வருகிற இருநூற்று முப்பதை
ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சொருகினேன்.
வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
தறிச் சத்தம்.
ஆள் சேராத ஷேர் ஆட்டோ ஒன்று நின்று நின்று போனது.
அடியில் முதல் முனகல் எழுந்ததும்
காசிமாயன் தலையைத் திருப்பினான்,
ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
பதினைந்தாவது நிமிஷம் வாக்கில்
அந்த நிலத்தைப் பற்றி அவனாகவே ஆரம்பித்தான்.
பாதி கேட்டேன்.
மீதி எனக்குரியதில்லை.

டக்.
பழையது விழுந்தது.
சுவிட்ச் அமுங்கியபடியே இருக்க
புதியதும் அடங்கிப்போனது.

“அதையும் அணைச்சீங்களா?”
“இல்ல. ஒண்ணு விட்டுட்டா இன்னொண்ணுக்கும் வராது.
ஒண்ணு காலியா இருந்தாலும் ஓடாது.
ரெண்டுலயும் தண்ணி இருக்கணும்.”

பலகைக்கு நூற்றெண்பது, வயருக்கு நாற்பது.
பில்லில் ரிப்பேர் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன்.

மூடி நசுங்கியது எப்படி என்று
கேட்க நினைத்திருந்தேன்.
கேட்கவில்லை.