பத்துக்கு எத்தனை

ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
கட்டி உறைய எட்டு மணித்தியாலம்,
அதற்குள் மல்யுத்தம் பார்க்க மூன்று.
ஜௌசி தன் போனைத் தராசில் சாய்த்து வைப்பான்,
நான் சி.ஆர். கொப்பியைத் திறப்பேன்.
பதினொரு வருசக் கணக்கு:
திகதி, ஆர் எதிர் ஆர், எத்தனை நிமிசம்,
பத்துக்கு எத்தனை.

பத்து இன்னும் ஒருத்தருக்கும் போடவில்லை.

ஹாலோரனுக்கு எப்போதும் மூன்று.
உடம்பு டொக்யாட் கிரேன் மாதிரி,
திரும்புகிற வேகமும் அதுதான்.
கதிரையால் அடித்தால் சனம் எழும்பிக் கத்துகிறது.
கத்தட்டும்.
அது கதிரையின் கெட்டித்தனம்,
இவனுடையது அதில் எங்கே?
கதிரைக்கு ஆறு போட்டிருக்கிறேன், தனியாக.

இவாமுரா வேறு.
ஒருத்தனின் மணிக்கட்டைப் பிடித்தால்
பிடித்த பிடியில் நாலு நிமிசம் நிற்பான்.
"நித்திரையோ மச்சான் இவன்?" ஜௌசி கொட்டாவி விடுவான்.
பொறடா.
இருபதாம் நிமிசம் அந்தக் கை
தூக்க ஏலாமல் தொங்கும், பார்,
அப்போது விளங்கும் அந்த நாலு நிமிசம் என்னத்துக்கென்று.
எட்டரை.
மிச்சம் ஒன்றரை ஏன் வெட்டினேன்?
தோற்றவன் இறங்கிப் போகும்போது
அதே கையால் சனத்துக்கு டாட்டா காட்டினான்.

"எல்லாம் பொய்தானே" என்கிறார் மனேஜர் புவிராஜசிங்கம்,
என் ஓவர்டைம் மணியைத் தாளில் எழுதியபடி.
பொய்தான் சேர்.
ஆர் வெல்வதென்று முன்னமே பேசி முடித்ததுதான்.
ஆனால் ஏணி உச்சியிலிருந்து முதுகால் விழுகிறவனோடு
நிலம் ஒன்றும் பேசி முடிக்கவில்லை.

மெய்ச் சண்டையும் பார்த்திருக்கிறேன்.
போன மாசியில் பஸ் ஸ்டாண்டடியில்
கண்டி பஸ் கொண்டக்டரும் ஒரு ஆட்டோக்காரனும்.
ஆறு செக்கன். ரெண்டு பொத்தான், ஒரு செருப்பு.
தொடக்கம் இல்லை, நடு இல்லை,
விழுந்தவனுக்கு விழத் தெரியாது.
பக்கத்தில் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்த மான்
தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
மானும் நானும் ஒரே முடிவு: ஒன்று.

அதற்கு முந்தின அடிகளும் உண்டு,
உட்துறைமுக வீதியில், லைட் எரியாத காலத்தில்.
அதுகளுக்குக் கொப்பியில் பக்கம் இல்லை.

போன சனிக்கிழமை வீட்டில் பார்த்தேன்.
ஹாலோரன் எதிர் பெனெட்டோ.
பவளராணி மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு
பாதியில் வந்து குந்தினாள்.
நான் நாலு என்று எழுதியாயிற்று.
பெனெட்டோ மேல்கயிற்றிலிருந்து பாய்ந்தான்,
பிழையாய் விழுந்தான், கழுத்து மடங்கிற்று.
ஹாலோரன் மேலே படுத்தான்.
"அந்தக் கோட்டுச் சட்டைக்காரன் ஏன்
அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறான்?"
எங்கே?
படத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.

நடுவர் எண்ணுகிறார்.
ஒரு கை தரையில் அடிக்கிறது, ஒன்று.
மற்றக் கை பெனெட்டோவின் விரல்களை அமுக்குகிறது.
ரெண்டு, கொஞ்சம் பிந்தி.
விரல்கள் திருப்பி அமுக்குகின்றன.
அதற்குப் பிறகுதான் மூன்றுக்குக் கை ஓங்குகிறார்.
ஹாலோரன், அந்தக் கிரேன்,
முழங்கை ரெண்டையும் தரையில் ஊன்றி
மற்றவன் கழுத்தில் பாரம் ஏறாமல் கிடக்கிறான்.

இன்னொரு தரம் இழுத்தேன்.
பவளராணி எழும்பிக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.
பதினொரு வருசம்,
நடுவருக்கென்று ஒரு நிரல் நான் கீறியதில்லை.

நாலை வெட்டினேன்.
ஜௌசிக்குப் போன் எடுத்தேன்:
பழைய ஆட்டம் எல்லாம் வைத்திருக்கிறாயா?
"எதில இருந்து?"
முதலில் இருந்து.
"அழிச்சிட்டன் மச்சான். போன்ல இடமில்ல."