இருபத்து மூன்று

லண்டன்பேட்டை மாடியறை, இரவு பத்தே கால்.
கிருஷ்ணகிரி அணைக்கரை நடையர் மன்ற மடல்,
ஆறு பக்கம், காலையில் அச்சுக்குப் போகணும்.

திம்மராயன் சார் கட்டுரை
பழைய எழுத்துருவில் வந்திருக்கிறது.
கொம்பெல்லாம் கழன்று
புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன.
‘வேகமாய் நடப்போம்’
மூன்று வரியாய் உடைந்து நொண்டுகிறது.
ஒவ்வொன்றாய்ப் பிடித்து மாட்டினேன்.

கடைசிப் பக்கம் உறுப்பினர் பட்டியல்.
இருபத்து மூன்று, முனிவெங்கடப்பா.
போன வியாழன் வரை நடந்தவர்.
அழித்தேன்.
கீழே இருந்தவர்களெல்லாம்
ஆளுக்கொரு எண் மேலேறிவிட்டார்கள்,
ஓசூர் பஸ்ஸில் சீட் காலியானதுபோல.

அக்தர் பாஷாவுக்குப் போன் போட்டேன்:
“இனி உங்களுக்கு இருபத்து மூணு, பாய்.”
கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும்.
“எனக்கு நாலே இருக்கட்டும்மா.
அவர் டார்ச்சுக்குப் பின்னாடிதான் நான் நடந்தது.”

தானாக எண்ணுவதை நிறுத்திவிட்டு
அறுபத்தொரு எண்ணையும் கையால் அடித்தேன்.
இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் வெள்ளை.
அச்சகத்துக்கு ஒரு குறிப்பு:
‘இந்த இடைவெளி பிழையல்ல. மூட வேண்டாம்.’

நாலாம் பக்கத்துக்குத் திரும்புகிறேன்.
அங்கே இன்னும் ஒரு கொம்பு பாக்கி.