வெயிட்டிங் காசு

ஒன்பது நாள் ஹயர், ஏழு வீடு.
டென்மார்க்கிலயிருந்து வந்த கிருபைநாதன் அண்ணையை
ஏத்தினதும் இறக்கினதும் நான்.

"வயசு முப்பத்தெட்டு" எண்டார்.
எனக்கு நாப்பத்திநாலு,
என்னைத் "தம்பி" எண்டுதான் கூப்பிட்டார்.
உவர்மலை ஏத்தத்தில, சித்திரை வெக்கையில,
காதோரம் கறுப்பா இறங்கின வேர்வை
வேற கணக்குச் சொல்லிச்சுது.
துடைக்க என்னட்டை ஒயில் துணிதான் கிடந்தது.
வாங்கித் துடைச்சார்.

அவருக்கு வேண்டினது பெரிசா ஒண்டுமில்லை.
படிச்சிருக்கோணும், கேள்வி கேக்கப்படாது.
இங்கிலிஷ் தெரியோணும், அங்கை போய்க் கதைக்கத் தேவையில்லை.
தலைமயிர் இடுப்புக்குக் கீழ.
பிறகு, சுத்த சைவம்.
"எங்கட வீட்டில முட்டைகூட உடைக்கிறேல்லை, தம்பி."

நிலாவெளியில கடலோட ஒரு படம் எடுக்கச்சொல்லி
ஃபோனைத் தந்தார். என்ர விரல் தடிச்ச விரல்.
தள்ளுப்பட்டு வந்தது வேறொரு படம்:
வெள்ளைப் பூட்ஸ், வெள்ளை ஏப்ரன்,
கொளுவியில தொங்குற பண்டியளுக்கு நடுவில
பல்லுத் தெரியச் சிரிச்சபடி அண்ணை.
அதுக்கடுத்ததில ஒரு வெள்ளைக்காரி.
ஒரே சோபா, ஒரே போர்வை.
"அது வேற" எண்டு ஃபோனை வாங்கிக்கொண்டார்.
எது வேற எண்டு நான் கேக்கேல்லை.

"சென்னையிலயும் பாத்தனான். சரிவராது.
இந்தியாப் பிள்ளையள் சம்பளச் சிட்டை கேக்கினம்.
பண்பாடு எண்டா எங்கட மண்தான், தம்பி."
மண் எண்டவர்
அன்புவழிபுரத்து ஒழுங்கையில புழுதிக்கு
மூக்கைப் பொத்தினார்.
அந்த வீட்டுப் பிள்ளைக்கு "நிறம் கொஞ்சம்..." எண்டார்.
மிச்சத்தைச் சொல்லேல்லை.
லிங்கநகரில உயரம். திருக்கடலூரில மீன் வாசம்.
பயத்தம் பணியாரத்தை மட்டும்
எந்த வீட்டிலயும் வேண்டாம் எண்டதில்லை.

இடையில ஒருநாள் கன்னியா.
"பேரே கன்னியாவோ?" எண்டு சிரிச்சார்.
நானும் சிரிச்சன், ஹயர்க்காரன்.
ஏழு கிணத்திலயும் வாளி விட்டு அள்ளி
விரலைத் தோய்ச்சுப் பாத்தார்.
இது சுடுது. இது காணாது.
இது பரவாயில்லை, ஆனா கலங்கல்.
எல்லாம் பாத்து முடிச்சு
போத்தல் தண்ணியில முகம் கழுவினார்.

சாம்பல்தீவு ஆறாவது.
தர்சாயினி, ஆஸ்பத்திரி லாப்பில வேலை.
தேத்தண்ணி கொண்டுவந்தவள் உள்ள போகேல்லை,
கதிரையை இழுத்து முன்னால இருந்திட்டாள்.
எனக்கும் ஒரு கோப்பை வந்ததால
வாசலில நிண்டு எல்லாம் கேட்டன்.
"சீனி போடேல்லை. உங்களைப் பாக்க
சுகர் இருக்கும்போல கிடக்கு.
நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கோ, எடுத்துப் பாப்பம்.
வரேக்க அந்தச் சம்பளச் சிட்டையும்."

ஓட்டோவில ஏறினவர் பாலம் தாண்டுமட்டும் கதைக்கேல்லை.
பேந்து "வாய்க்காரி" எண்டார்.
பணியாரம் கையில ஒட்டிக்கிடந்தது.

ஏழாவது வீடு முடிஞ்சு பஸ் ஸ்டாண்ட்.
அவர் போத்தல் தண்ணி வாங்க இறங்கின நேரம்
ஒரு மான் வந்து ஓட்டோவுக்குள்ள தலையை ஓட்டி
சீற்றில கிடந்த ஃபைலை இழுத்துச்சுது.
ஏழு பிள்ளையளின்ர சாதகமும், அவரின்ரயும்.
செவ்வாய், சனி, எட்டாமிடம் எல்லாம்
ஒரே மெல்லு.
நான் சத்தம் போட்டிருக்கலாம்.

கடைசி நாள் கணக்குப் பாக்கேக்க
வெயிட்டிங் காசில மூவாயிரம் வெட்டினார்.
"நீர் சும்மாதானே நிண்டனீர்?"
ஓம், அண்ணை.
பேந்து, வானுக்குள்ள ஒரு கால் வைச்சபடி:
"உமக்குப் பிள்ளையள்?"

பாலையூற்றில இந்நேரம்
மூத்தவள் கெமிஸ்ட்ரி பேப்பரோட மல்லுக்கட்டுவாள்,
சின்னவள் கழண்ட சைக்கிள் செயினோட
முழங்கை மட்டும் கிரீஸ்.

"ரெண்டு" எண்டன்.
"ரெண்டும் பெடியங்கள்."