மூன்றாவது அறை

வயதைக் கேட்டால்
எல்லா மரச்சாமானும் முகத்தைத்தான் காட்டும்.
நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
மல்லாத்திப் போட்டு
அடிவயிற்றில் டார்ச் அடிப்பேன்.

கெல்சோவில், ட்வீட் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
முன்பு குதிரை லாயமாக இருந்த என் பட்டறைக்கு
ஆர்ச்சி டர்ன்புல் அதை
ஆடு ஏற்றும் டிரெய்லரில் கொண்டுவந்தார்.
ஐந்து வரிசை இழுப்பறை. மஹோகனி முகம், பைன் உடம்பு.
மேல்வரிசை நடுவில் தொப்பி வைக்க ஆழமாய் ஓர் அறை.
"ஜெட்பரா ஏலத்தில் போன வாரம் எடுத்தேன்.
ஆயிரத்து எழுநூற்று அறுபது என்றார்கள்.
அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.
மற்றபடி, புதுசு மாதிரி மெருகு."

அறுபதா?

மூலைகளில் புறாவால் பொருத்து
ஒன்றைப்போல் ஒன்றில்லை. கை அறுத்தது. சரி.
திறந்த அறைகளின் அடிப்பலகையில்
வட்ட ரம்பம் போன தடம்,
பிறைமேல் பிறையாய்.
அந்த ரம்பம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது
அறுபதில் பிறந்தவனுக்குப் பல் கொட்டியிருக்கும்.
பின்னால் யாரோ அடி மாற்றியிருக்கலாம்.
இருக்கலாம்.
கைப்பிடியைக் கழற்றினேன்.
ஒரு பிடிக்குப் பின்னால் மூன்று ஜோடித் துளை:
பித்தளை, மரக்குமிழ், மறுபடி பித்தளை.
மோஸ்தர் மாறும்போதெல்லாம் காது குத்தியிருக்கிறார்கள்.
பூட்டின் திருகாணி நுனி மொட்டை,
தலைக்கோடு நடுவை விட்டு விலகி ஓடுகிறது.
ஆயிரத்து எண்ணூறு, பத்து வருஷம் முன்னே பின்னே
என்று சுவரில் பென்சிலால் எழுதினேன்.
அவருக்குப் பிடிக்காது.

மூன்றாவது அறை மட்டும் திறக்கவில்லை.
மெழுகு தேய்த்தேன், ஹேர் டிரையர் காட்டினேன்,
கெட்ட வார்த்தையும் சொன்னேன். ஒரு முற்பகல் போயிற்று.
முதுகுப் பலகையைப் பிரிக்க உளி தேடும் நேரம்
டர்ன்புல் வந்தார். மழையைப் பற்றி,
ஆடுகளுக்குக் குளம்பு அழுகுவதைப் பற்றி,
டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே
இடது மூலையை ஒரு விரற்கடை தூக்கினார்,
வலது முட்டியால் கீழே ஓர் இடி.

திறந்துகொண்டது.

பேச்சு நிற்கவில்லை. கண் அந்தப் பக்கமே போகவில்லை.
நானும் ஆமாம், டீசல் அநியாயம் என்றேன்.

அவர் போனதும் உள்ளே பார்த்தேன்.
இடது ஓடுகட்டை கிண்ணம்போல் தேய்ந்திருந்தது.
வெளியே, நான்காவது அறையின் முகத்தில்,
ஆள் முட்டி படும் இடத்தில் ஒரு பளபளப்பு.
ஐந்தாவதின் முகத்தில் இன்னும் இரண்டு,
சின்னவை, ஒன்றுக்கொன்று நாலு விரல் உயர வித்தியாசம்.
ஏலக்கடையில் ஒரு வாரம் நின்றால்
இப்படி மெருகு ஏறாது.
உப்புத்தாள் இரண்டு தேய்ப்பில் எடுத்துவிடும்.

வியாழக்கிழமை.
தேய்ந்த கட்டைக்கு ஓக் துண்டு செதுக்கியாயிற்று.
இரட்டைப் பாத்திரத்தில் வச்சிரம் இளகி
பட்டறை முழுக்கத் தோல் நாற்றம்.
ஒட்டிவிட்டால் அறை வெண்ணெயாய் ஓடும்.
தூக்க வேண்டாம், இடிக்க வேண்டாம்,
யாருடைய கையும் யாரையும் காட்டிக்கொடுக்காது.
எனக்குக் கூலியும் வந்துவிடும்,
கூரை ஒழுகுகிறது.

தொலைபேசி.
கலாஷீல்ஸிலிருந்து ஒரு பெண். மார்ஜரி என்றாள்,
குடும்பப் பெயர் சொல்லவில்லை.
பட்டறை பட்டறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.
"நடுவில் தொப்பி அறை வைத்த பெட்டி ஒன்று..."
ஊருக்கு நூறு இருக்குமே அம்மா, என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு கெட்டில் கொதித்து அடங்கியது.
"மூன்றாவதைத் திறக்க மூலையைத் தூக்கணும்.
தூக்கிட்டு, முட்டியால..."

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
வச்சிரத்தை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

"எந்த மூலை?" என்று கேட்டேன்.
"எந்த முட்டி?"